மரத்துக்குள் தங்கிய மருந்து



போன மழைக்காலத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டு நிலைக்காலில் சாய்ந்து நின்றேன். பொருக்கென்று உள்ளே அமுங்கிவிட்டது. வெளியே பெயின்ட் அப்படியே இருக்கிறது, உள்ளே வெறும் மண். எல்லாம் கரையான் வேலை. என் தாத்தா தச்சு வேலை செய்தவர். அவர் பார்த்துவிட்டு, "இது பூராவும் வெள்ளைக் கட்டை. வைரம் பாய்ஞ்ச கட்டையா பார்த்துப் போட்டிருக்கணும்" என்றார். புது நிலை வைக்க அப்பா கடன் வாங்கினார். அன்றிலிருந்துதான் மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

வெள்ளை என்பது பட்டைக்கு அடுத்து உள்ள பகுதி. வேரிலிருந்து தண்ணீர் இதன் வழியாகத்தான் மேலே ஏறும். இதில் மாவுச்சத்தும் இருக்கும். அதனால் பூச்சிக்கு இது நல்ல சாப்பாடு. நடுவில் இருப்பது வைரம். அங்கே சில வேதிப்பொருட்கள் சேர்ந்திருக்கும். தேக்கின் வைரத்தில் டெக்டோகுயினோன் என்ற பொருள் இருக்கிறது. அது கரையானுக்குப் பிடிக்காது. தேக்கு நீண்ட நாள் உழைக்க அதுவும் ஒரு காரணம்.

ஆனால் எல்லாரும் தேக்கு வாங்க முடியுமா? சாதாரண மரத்தையே தேக்கு மாதிரி உழைக்க வைக்க முடியாதா? இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் சொண்டி காமேசன். டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர்.

அவர் சந்தித்த சிக்கல் என்ன என்பதை எங்கள் அறிவியல் டீச்சர் செய்தே காட்டினார்கள். ஒரு மரச் சிராயை மயில்துத்தக் கரைசலில் ஊறப்போட்டார்கள். சிராய் நீலமாகிவிட்டது. பிறகு அதை நல்ல தண்ணீரில் போட்டு அலசினார்கள். தண்ணீர் நீலமானது, சிராய் வெளுத்தது. "பார்த்தீங்களா, மருந்து போடுறது பெரிசில்ல. மழையில கரையாம அது உள்ளேயே நிக்கணும்" என்றார்கள்.

காமேசன் 1933-இல் மூன்று பொருட்களைச் சேர்த்து ஒரு மருந்து செய்தார். தாமிரம் பூஞ்சையைத் தடுக்கும். ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும். மூன்றாவது குரோமியம். அதுதான் மற்ற இரண்டையும் மரத்தோடு கெட்டியாகப் பிடித்து வைக்கிறது. பசை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதற்கு 'அஸ்கு' என்று பெயர். ஆர்சனிக்கின் குறியீடு ஏ.எஸ்., தாமிரத்தின் குறியீடு சி.யு. இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்! 1938-இல் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமையும் கிடைத்தது.

இதைத் தூரிகையால் பூசினால் போதாது. மரத்தை ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் வைத்து மூடி, முதலில் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு கரைசலை விட்டு அழுத்தம் கொடுப்பார்கள். மருந்து உள்ளே ஏறிவிடும். இதில் ஓர் ஆச்சரியம், வைரத்தை விட வெள்ளையில்தான் மருந்து நன்றாக ஏறும். தாத்தாவிடம் சொன்னேன். "அட, கழிச்சுப் போடுற வெள்ளைக்கா இந்த யோகம்!" என்று சிரித்தார்.

உலகத்தில் பல நாடுகளில் கம்பங்களுக்கும் வேலிக்கால்களுக்கும் இந்த மருந்தை ஏற்றினார்கள். ஆனால் ஆர்சனிக் என்பது பெரியவர்கள் பாஷாணம் என்று சொல்கிறார்களே, அதில் உள்ள நஞ்சு. குழந்தைகள் தொட்டு விளையாடும் மரத்தில் அது இருக்கலாமா என்ற கேள்வி பின்னால் எழுந்தது. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இதை ஏற்றுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆர்சனிக் இல்லாத தாமிர மருந்துகள் வந்துவிட்டன. மழை படாத இடத்து மரத்துக்குப் போரான் மருந்தும் உண்டு.

இதைப் படித்த வாரம்தான் அப்பா பழைய மரக்கடையிலிருந்து விறகுக்குத் துண்டுக்கட்டைகள் வாங்கி வந்தார். அதில் நாலைந்து கட்டைகள் லேசான பச்சை நிறம். அப்பத்தா அடுப்பில் வைக்கப் போனது. நான் ஓடிப்போய்த் தடுத்தேன். தாத்தா திருப்பிப் பார்த்து, "மருந்து ஏத்துன கட்டை மாதிரிதான் தெரியுது" என்றார். எரித்தால் நஞ்சு புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். எங்கள் வீட்டில் அந்தச் சாம்பலில்தான் பாத்திரம் துலக்குவோம்! அப்பத்தா முதலில், "வெறகு விக்கிற வெலையில இவ ஒருத்தி" என்று திட்டியது. பிறகு அதுவே கட்டைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கழுவியது.

எனவே நண்பர்களே, மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். மரத்தில் ஈரம் தங்க விடாதீர்கள், ஈரம் இல்லாவிட்டால் பூஞ்சை வளராது. நிலைக்காலில் மண்கோடு ஏறுகிறதா என்று மாதம் ஒரு முறையாவது பாருங்கள். மருந்து ஏற்றிய கட்டையை அடுப்பில் வைக்காதீர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு நிலையை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சந்தோஷம். பொத்தென்று கேட்டால் உடனே அப்பாவிடம் சொல்லுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி