கலை சொல்லித்தரும் அறக்கட்டளைக்கு அக்காவின் டிப்ஸ்: பிள்ளைகள் பத்திரம்!

அன்புத் தங்கச்சிக்கு,

பரதம், பறை, நாடகம் எல்லாவற்றையும் காசு வாங்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அறக்கட்டளை தொடங்குகிறாய். மனசு நிறைந்திருக்கிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசமாகச் சொல்லித்தரும் இடத்தில்தான் ஒரு பிள்ளை வாய் திறந்து குறை சொல்வது ரொம்பக் கஷ்டம். “காசு வாங்காம கத்துக்குடுக்குறாங்க, நாம போய் எப்படிக் கேக்குறது?” என்று பெற்றோர் தயங்குவார்கள். மாஸ்டர் கோபித்துக்கொண்டால் மேடை போய்விடுமே என்று பிள்ளை பயப்படும். அதனால் அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதே. ஏற்பாடுகளை நீயே முதலில் செய்து வை. “நம்ம மாஸ்டர் தங்கமானவர்” என்ற நம்பிக்கை ஒருநாளும் ஏற்பாடு ஆகாது. 2023-ல் சென்னை கலாக்ஷேத்ரா போன்ற பெயர்பெற்ற நடனப் பள்ளியிலேயே மாணவிகள் பாலியல் தொல்லைக்கு எதிராக உட்கார்ந்து போராட வேண்டி வந்ததை மறந்துவிடாதே.

1. ஆள் சேர்க்கும்போதே விசாரி

பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர் ஒவ்வொருவரின் பின்னணியையும் போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆசிரியரோடு நிறுத்தாதே. மிருதங்கம் வாசிப்பவர், மேக்கப் போடுபவர், வேன் டிரைவர், ஞாயிறு மட்டும் வரும் தன்னார்வலர் எல்லாருக்கும் செய். முன்பு வேலை பார்த்த இடத்துக்குப் போன் போட்டு, “இவரைத் திரும்பவும் பிள்ளைகளோடு வேலைக்கு வைப்பீர்களா?” என்று கேள். வழக்கு இல்லை என்பதை மட்டும்தான் போலீஸ் சான்றிதழ் சொல்லும். மீதியை விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. தனி வகுப்புக்குத் தனி அறை வேண்டாம்

அரங்கேற்றம் நெருங்கினால் ஒரு பிள்ளைக்கு மட்டும் கூடுதல் பயிற்சி தேவைப்படும். கொடுக்கலாம். ஆனால் கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும், நேரம் வீட்டுக்குத் தெரியட்டும். மாஸ்டர் வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்ற பேச்சே வேண்டாம்.

3. தொட்டுத் திருத்துவதற்கும் ஒழுங்கு உண்டு

கலை வகுப்பில் அதிகம் குழம்பும் இடம் இதுதான். அரைமண்டி சரியில்லை, தோள் தூக்கியிருக்கிறது என்றால் முதலில் வாயால் சொல்ல வேண்டும். அப்புறம் தன் உடம்பில் செய்துகாட்ட வேண்டும். கண்ணாடியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளச் சொல்லலாம். அதற்கும் மேல் தொட்டே ஆக வேண்டுமென்றால், எல்லாரும் பார்க்க, “முழங்கையைக் கொஞ்சம் தூக்கிவிடட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். வேண்டாம் என்று சொன்ன பிள்ளைக்கு அதனால் பாத்திரமோ மேடையோ போகக் கூடாது. நாடகப் பயிற்சியில் கட்டிப்பிடிப்பது, தூக்குவது போன்றவை வந்தால் அன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தட்டுக்கழி தாளம் போட மட்டும்தான். அடிப்பதும், உடம்பைச் சொல்லிக் கேலி செய்வதும் கூடவே கூடாது.

4. கிரீன் ரூமில் செல்போன் வேண்டாம்

உடை மாற்ற ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம். உடை கட்டிவிட அம்மாக்களை முறைவைத்துக் கூப்பிடு. ஆண் பிள்ளைகளையும் அதே கவனத்தோடு பார்த்துக்கொள். போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது, ஆண், பெண் பேதம் பார்ப்பதில்லை.

5. வெளியூர் நிகழ்ச்சி

தெருக்கூத்து என்றால் விடியும்வரை போகும். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு. கூடப் போகும் பெரியவர்களில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். பிள்ளைகள் தூங்கும் அறையில் ஆசிரியர்கள் படுக்கக் கூடாது. திரும்பும்போது யாரும் ஒரு பிள்ளையை மட்டும் பைக்கில் கூட்டிப் போய் விடக் கூடாது. யார் வந்து அழைத்துப் போனார்கள் என்று நோட்டில் கையெழுத்து வாங்கு.

6. போட்டோ, வாட்ஸ்அப், நன்கொடையாளர்

பிள்ளையோடு ஆசிரியருக்குத் தனி சாட் வேண்டாம். பெற்றோர் இருக்கும் குரூப்பில் மட்டும் தகவல் போகட்டும். போட்டோ போடும் முன் பெற்றோரையும் பிள்ளையையும் கேள். ஊர், பள்ளிப் பெயர் வேண்டாம். நிதி திரட்டுவதற்காகப் பிள்ளையை மேடையேற்றி வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லவைக்காதே. எவ்வளவு பெரிய தொகை கொடுத்தவராக இருந்தாலும் பிள்ளையைத் தனியாகச் சந்திக்கவோ போன் நம்பர் வாங்கவோ விடாதே.

7. யாரிடம் சொல்வது?

இரண்டு பேரை நியமி. ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். வகுப்பு எடுப்பவர் வேண்டாம். அவர்கள் பெயரையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பிள்ளைகள் கண்ணில் படும்படி பெரிதாக எழுதி வை. ஆசையாக வந்த பிள்ளை திடீரென்று நின்றுவிட்டால் வீட்டுக்குப் போய் விசாரி.

8. ஒரு பிள்ளை சொல்லிவிட்டால்

பதறாமல் கேள். “நீ சொன்னது நல்லதாச்சு, உன் மேல தப்பே இல்லை” என்று சொல். துருவித் துருவிக் கேட்காதே. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதே. சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி போட்டு எழுதி வை. குற்றம் சாட்டப்பட்டவர் அன்றிலிருந்து பிள்ளைகள் பக்கம் வரக் கூடாது. இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பஞ்சாயத்துப் பேசவே பேசாதே.

உடனே போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்ல வேண்டும். இது உன் விருப்பம் அல்ல, போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி கடமை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, யூனிஃபார்ம் போடாத போலீஸ் அதிகாரிதான் வாங்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்குச் சொல். பாதிப் பயம் போய்விடும். பிள்ளையின் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்.

9. பதினெட்டு தாண்டியவர்கள்

சீனியர் மாணவிகளும் இளம் பெண் ஆசிரியர்களும் உண்டே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ம் ஆண்டு சட்டப்படி உள்ளகப் புகார் குழு அமைக்க வேண்டும். அதற்குக் குறைவென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் தரலாம்.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் தமிழில் எழுது. சேர்க்கை நாளன்று பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. ஆசிரியர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். “எங்களையே சந்தேகப்படுறீங்களா?” என்று யாராவது வருத்தப்பட்டால், இந்த விதிகள் அவர் பெயரையும் சேர்த்துத்தான் காக்கின்றன என்று பொறுமையாகச் சொல். அப்படியும் கையெழுத்துப் போட மறுப்பவர் எத்தனை பெரிய வித்வானாக இருந்தாலும் வகுப்புக்குள் விடாதே.

அன்புடன்,
அக்கா