பிள்ளையோடு காட்டைப் பார்த்து வரப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் முக்கியக் காலம் நவம்பர் 15-இல் தொடங்கும். மான் எங்கே மேய்கிறது, எந்த வழியாக வருகிறது என்று ஆகஸ்ட், செப்டம்பரிலேயே காட்டைச் சுற்றிப் பார்த்து வைப்பது அங்கே வழக்கம். அந்த நடைக்கு முதன்முறையாகப் பிள்ளையையும் அழைத்துப் போகும் அப்பா அம்மாவுக்குச் சொல்கிறேன்.

1. அது பிள்ளையின் நாள். வழியில் ஒரு தவளையைக் கண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் நீங்களும் உட்காருங்கள். உங்கள் வேட்டைக்கு வேண்டியதைப் பார்க்க இன்னொரு நாள் தனியே வாருங்கள்.

2. எதையும் நீங்களே முந்திக்கொண்டு காட்டாதீர்கள். ஈர மண்ணில் பிளவுபட்ட குளம்புத் தடம் தெரியும். அதன் கூர்முனை மான் போன திசையைச் சொல்லும். இதை ஒருமுறை சொன்னால் போதும், மீதியைப் பிள்ளையே தேடும். செப்டம்பர் தொடக்கத்தில் ஆண் மான்கள் கொம்பைப் போர்த்திய மெல்லிய தோலை உரித்துவிட்டு இளமரங்களில் கொம்பைத் தேய்க்கும். பட்டை உரிந்த அந்த இடம் தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் இருப்பதால், உங்களுக்கு முன்னால் பிள்ளையின் கண்ணில்தான் படும். ஓக் மரங்களையும் பிரித்தறியச் சொல்லிக் கொடுங்கள்: இலையின் மடல்கள் உருண்டிருந்தால் வெள்ளை ஓக், கூராக இருந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக் காயில் துவர்ப்பு குறைவு. மான் அதைத்தான் முதலில் தேடி வரும்.

3. மானுக்கு மூக்குதான் காவல். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, நம் எருக்குக்கு உறவான மில்க்வீட் செடியின் விதைப்பஞ்சைப் பறக்கவிடுவார்கள். காய் வெடித்திருந்தால் அந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

4. செப்டம்பர் நடுவிலேயே அணில், முயல் வேட்டை தொடங்கிவிடும். சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இருவரும் பளிச்சென்ற ஆரஞ்சுத் தொப்பியும் மேலங்கியும் போடுங்கள்.

5. பிள்ளை களைத்துப்போகும் முன்பே திரும்பிவிடுங்கள்.

6. “இந்த மானை எதுக்குத் தேடுறோம்?” என்று பிள்ளை கேட்கும். கொல்வதற்கும் தின்பதற்கும் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு காலத்தில் வரைமுறையில்லாமல் சுட்டதால் அமெரிக்காவின் பல பகுதிகளில் மானே இல்லாமல் போனது. உரிமமும் பருவமும் வைத்த பிறகே அவை மீண்டன. துப்பாக்கி, தோட்டா மீதான கலால் வரி 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. இதையும் சொல்லலாம். அப்படியும் பிள்ளை அழுதால் அந்த அழுகையை மதியுங்கள். நவம்பரில் வர மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தவே கூடாது.

7. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இந்தக் காடுகளில் உண்டு. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பெர்மெத்ரின் மருந்தைத் துணியில் மட்டும் தெளித்து, காய்ந்த பிறகு உடுத்துங்கள், தோலில் படக்கூடாது. அன்று மாலையே குளிப்பாட்டி, தலைமுடி, காதின் பின்புறம், அக்குள், தொப்புள், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் ட்வீசரால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் அந்த நோய் தொற்றும். அதனால் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் இதை மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.