மைசூரில் ஒரு குளிர்பதனப் பெட்டி: சூரிய மின்சக்திக் கணக்கு

காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்விசை சென்றது. மைசூர் வட்டாரத்தில் நெடுங்காலம் மின்சாரம் என்றால் நீர்தான். இன்று வீட்டுக் கூரையிலேயே அதனை விளைவிக்கலாம். ஆனால், அணைகளை நிரப்பும் தென்மேற்குப் பருவமழை சூரியப் பலகைக்குப் பஞ்சகாலம். கணக்கைத் தொடங்குமுன் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

மின்கம்பி எட்டாத தோட்ட வீடு ஒன்றில் 200 லிட்டர் குளிர்பதனப் பெட்டியை இயக்க வேண்டும் என்று கொள்வோம். பெட்டியில் 120 வாட் என்றிருப்பதை 24 மணியால் பெருக்கினால் 2,880 வாட்-மணி வரும். இது பொருந்தாது, போதிய குளிர் ஏறியதும் கம்ப்ரசர் நின்றுவிடும். நட்சத்திர முத்திரைச் சீட்டில் காணும் ஆண்டு யூனிட்டை 365-ஆல் வகுப்பதே நேர்வழி. சீட்டில் 220 என்றிருந்தால் நாளொன்றுக்கு 0.6 யூனிட். அது சோதனைக்கூடத்து அளவு. கதவு அடிக்கடி திறக்கப்படும் சமையலறைக்கு 1 யூனிட், அதாவது 1,000 வாட்-மணி, எனக் கொள்க.

வெப்பம், தூசி, கம்பி, சேமக்கலம், இன்வெர்ட்டர் ஆகியவற்றில் ஏறத்தாழ 35 சதவிகிதம் வீணாகிறது. எனவே பலகை தரவேண்டியது 1,540 வாட்-மணி. மைசூரில் முழுவெயிலுக்கு ஈடான நேரம் ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 5 மணிக்குச் சற்று மேல். ஜூலை, ஆகஸ்டில் 4 மணியை நெருங்கிவிடும். 1,540-ஐ 4-ஆல் வகுத்தால் 385. ஆகவே 200 வாட் பலகைகள் இரண்டு வேண்டும்.

சராசரியை நம்பி 300 வாட்டோடு நிறுத்துவோர் உண்டு. ஏப்ரலில் குறை தெரியாது. ஜூலையில் கிடைப்பது 780 வாட்-மணியே. சேமக்கலம் நிறையாமலேயே நாள்தோறும் வடிக்கப்படும்; காரீயத் தகடுகளில் சல்பேட் இறுகி அதன் ஆயுள் குன்றும். பலகையில் மிச்சம் பிடித்த தொகையைவிடப் புதிய சேமக்கலத்தின் விலை பன்மடங்கு.

சேமக்கலம் மாலை 5 முதல் காலை 8 வரை 15 மணி நேரம் தாங்க வேண்டும். இதற்கு 625 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 700. காரீயச் சேமக்கலத்தைப் பாதிக்குமேல் வடிக்கலாகாது என்பதால் கொள்ளளவு 1,400 வாட்-மணி. 12 வோல்ட்டில் இது 117 ஆம்பியர்-மணி. கடையில் 150 கேட்டு வாங்கலாம். முழுநாள் மூட்டத்தையும் தாங்க வேண்டுமெனில் 200.

கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைப் போல் ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆதலால் 120 வாட் பெட்டிக்கும் 800 வி.ஏ.க்குக் குறையாத, தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டர் தேவை.

மின் இணைப்பு உள்ள நகர வீட்டின் நிலை வேறு. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின்கீழ் மானியம் பெறும் கூரை அமைப்புகள் பொது மின்தொடருடன் இணைந்தவை. இவற்றுக்குச் சேமக்கலம் கட்டாயமன்று. ஆனால் மின்தடை ஏற்பட்டால், நண்பகல் வெயிலிலும் சேமக்கலமற்ற அமைப்பு தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்க வேண்டி அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். தடையின்போதும் பெட்டி ஓட விரும்புவோர், சேமக்கலத்துடன் இயங்கவல்ல இன்வெர்ட்டரைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுதல் நலம்.