மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை: புதிது வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஊருக்குத் திரும்பி, வீட்டுக்கு மின் இணைப்பும் கிடைத்தபின் பல குடும்பங்கள் முதலில் மாட்டுவது மேலே தொங்கும் மின்விசிறியைத்தான். சிலருக்கு அது விட்டுப்போன வீட்டிலேயே எஞ்சியிருந்தது. சிலருக்கு உறவினர் தந்தது. மாட்டிச் சுவிச்சைப் போட்டால் சுற்றுகிறது, ஆனால் கீழே படுத்திருக்கும் பிள்ளைக்கு வியர்வை காயவில்லை. உடனே கொடுப்பனவுக் காசில் புதிது வாங்கும் எண்ணம் வருகிறது. கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலான மின்விசிறிகளில் கெட்டுப்போவது விரலளவுள்ள ஒரு சிறு உறுப்பு மட்டுமே. சில வீடுகளில் மின்விசிறியில் பிழையே இல்லை, கூரையில்தான் பிழை. இதை எழுதும் நான் மின்வேலை படித்தவள் இல்லை. வயறிங் வேலை செய்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையே இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கூரை இல்லாமல் கிடந்த வீட்டில் மழையில் நனைந்த மின்விசிறியை, அல்லது கொட்டிலில் ஈரத்தில் கிடந்ததை, "ஒருக்கால் போட்டுப் பார்ப்பம்" என்று போடாதீர்கள். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் ஈரம் இறங்கியிருந்தால் மின்விசிறியின் உடலிலேயே மின்சாரம் ஏறலாம். மின்னியலாளர் ஒருவர் கருவி வைத்து அளந்து, சரி என்று சொன்ன பிறகு மாட்டுங்கள். தொங்கவிடும் கொழுக்கியையும் பாருங்கள். துருவேறி மெலிந்த கொழுக்கி ஓடும் மின்விசிறியின் ஆட்டத்தைத் தாங்காது, கீழே படுப்பது நீங்கள்தான். உங்கள் மெயின் பெட்டியில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இல்லையென்றால், மின்விசிறிக்கு முன்னால் அதைப் போடுவதே முதற்செலவாக இருக்கட்டும்.

ஏணியில் ஏறுமுன் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். அறையின் சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாது. அவசரத்தில் செய்த பழைய வயறிங்குகளில் சுவிச் தவறான வயரில் இருப்பதுண்டு. அப்படியான வீட்டில் சுவிச்சை நிறுத்தினாலும் மேலே மின்சாரம் நிற்கும்.

நீங்களே பார்க்கக்கூடியவை

செட்டைகளைத் துடையுங்கள். வருடக்கணக்காகப் பூட்டிக்கிடந்த வீட்டில் செட்டையின் விளிம்பில் தூசி தடித்துப் படிந்திருக்கும், அது காற்றைத் தள்ளும் வலுவைக் குறைக்கும். ஈரத்துணியைப் பிழிந்து, செட்டையை மறுகையால் கீழிருந்து தாங்கியபடி துடையுங்கள். அழுத்தினால் வளைந்துவிடும், வளைந்த செட்டை ஆட்டத்தைக் கொண்டுவரும். மேலேயுள்ள கிண்ணத்துக்குள் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏணியில் நிற்கும்போதே செட்டையைக் கையால் மெதுவாகத் தள்ளிவிடுங்கள். நல்ல மின்விசிறி சத்தமில்லாமல் பல சுற்றுச் சுற்றித் தானாக ஓயும். ஓரிரு சுற்றிலேயே நின்றாலோ, மணல் அரைபடுவதுபோலக் கேட்டாலோ பெயரிங் வறண்டுவிட்டது. தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். ஒரு கிழமைக்கு நன்றாக ஓடும், பிறகு தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். பெயரிங் மாற்றுவது கடைவேலை. மோட்டரைத் திறந்து பழையதைப் பார்த்து அதே இலக்கத்தில் போடுவார்கள். பெரும்பாலான மின்விசிறிகளில் அது 6201, 6202 ஆக இருக்கும்.

அடுத்தது சுற்றும் திசை. கழற்றிப் பூட்டிய மின்விசிறிகளில் இதை அவசியம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செட்டையும் சற்றுச் சாய்ந்திருக்கும், ஒரு விளிம்பு உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் நிற்கும். மெதுவாகச் சுற்றும்போது கவனியுங்கள். உயர்ந்த விளிம்பு முன்னே போனால் காற்று கீழே வரும். தாழ்ந்த விளிம்பு முன்னே போனால் காற்று மேலே கூரைக்குப் போகும், நீங்கள் கீழே புழுங்கிக்கொண்டிருப்பீர்கள். மோட்டரிலிருந்து வரும் மூன்று வயர்களில் இரண்டை மாற்றி இணைத்தால் இப்படித் தலைகீழாகச் சுற்றும். மின்னியலாளருக்கு இது சில நிமிட வேலை. செட்டைகளை மேல் கீழாகத் திருப்பிப் பூட்டியிருந்தாலும் காற்று குறையும்.

கப்பாசிற்றர்

மேலே சொன்ன விரலளவு உறுப்பு இதுதான். சிலர் கொண்டன்சர் என்பார்கள். கிண்ணத்துக்குள் இருக்கும் சிறிய கறுப்பு அல்லது வெள்ளைப் பெட்டி அல்லது உருளை. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தில் மோட்டர் தானாகச் சுற்றத் தொடங்காது. ஒரு பக்கம் தள்ளிவிடும் வேலையையும், ஓடும்போது வலுக்கொடுக்கும் வேலையையும் கப்பாசிற்றர் செய்கிறது. சூட்டிலும் காலம் போகப்போகவும் அது வலு இழக்கும். அப்போது மின்விசிறி நிற்காது, வேகம்தான் குறையும். அதனால்தான் பலர் மோட்டர் கிழடாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

அடையாளம் இதுதான்: றெகுலேற்றரை ஆகக் கூடிய வேகத்தில் வைத்தும் செட்டைகளைத் தனித்தனியே எண்ணக்கூடியதாக இருக்கும். தொடங்கும்போது உறுமிக்கொண்டு தயங்கும். சில வீடுகளில் தும்புத்தடியால் தள்ளிவிட்டுச் சுற்றவைப்பார்கள். அப்படித் தள்ளினால்தான் சுற்றும் என்றால் கப்பாசிற்றர் முற்றாகப் போய்விட்டது. அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள். சுற்றாமல் உறுமும் மோட்டர் சூடேறிக் கம்பிச் சுருளே எரிந்துபோகலாம், பிறகு உண்மையாகவே புதிது வாங்க வேண்டி வரும்.

கப்பாசிற்றரின் உடம்பில் 2.5 என்றோ 3.15 என்றோ ஒரு எண்ணும் மைக்ரோஃபரட் என்பதன் குறியும் இருக்கும். அதே எண்ணில்தான் புதியதும் இருக்க வேண்டும். "பெரிசாப் போட்டால் இன்னும் வேகமா ஓடும்" என்று கடைக்காரர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள், சுருள் சூடாகிக் கருகும். புது மின்விசிறியின் விலையில் இது மிகச் சிறு பங்குதான். மாற்றும் வேலையை மின்னியலாளரிடம் விடுங்கள். சுவிச்சை நிறுத்திய பிறகும் கப்பாசிற்றரில் மின்சாரம் தேங்கி நிற்கலாம், அதன் வயர் முனையைத் தொட்டால் உதறும். ஏணியில் நிற்பவருக்கு அந்த உதறலே விழுவதற்குப் போதும்.

கப்பாசிற்றர் மாற்றியும் வேகம் இல்லையென்றால் றெகுலேற்றரைச் சந்தேகியுங்கள். அதை விலக்கி நேரடியாக இணைத்துப் பார்க்கும்படி மின்னியலாளரிடம் சொல்லுங்கள், வேகம் வந்தால் பிழை அங்கேதான்.

மின்சாரமே வலு இல்லாமல் வந்தால்

பகலில் நன்றாக ஓடி, மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரை மட்டும் மெதுவாகிறதா? நாடு முழுவதும் ஆகக் கூடுதலாக மின்சாரம் பாவிக்கும் நேரம் அது. அயல் வீடுகளிலும் அப்படியே என்றால் லைனில் பிழை. பல குடும்பங்கள் சேர்ந்து உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் மட்டும், அதுவும் தண்ணீர் மோட்டர் போடும்போது மின்குமிழ் மங்கி மின்விசிறி தளர்கிறது என்றால் வயர் மெல்லியது அல்லது எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது. சொந்த இணைப்பு வரும்வரை பக்கத்து வளவிலிருந்து மெல்லிய வயரை வேலியோடு இழுத்துவந்த வீடுகளில் இது சாதாரணம். நீண்ட மெல்லிய வயரில் மின்சாரத்தின் வலு வழியிலேயே சூடாகிக் கரையும். மின்விசிறி மெதுவாக ஓடுவது அங்கே சிறிய விஷயம். அந்த வயர் உருகித் தீப்பிடிப்பதும், மழைக்கு வேலியில் மின்சாரம் பாய்வதும்தான் பெரிய விஷயம். அப்படியான இணைப்பில் கப்பாசிற்றர் மாற்றிக் காசைச் செலவழிக்காதீர்கள்.

மின்விசிறி சரி, இடம் சரியில்லை

செட்டைக்கும் மேலேயுள்ள தட்டுக்கும் இடையில் குறைந்தது 1 அடி வேண்டும். ஒட்டி நின்றால் மின்விசிறிக்குக் கீழே தள்ளுவதற்குக் காற்றே கிடைக்காது. நிலத்திலிருந்து செட்டைக்கு 8 அடி நல்லது, 7 அடிக்குக் குறையவே கூடாது. கட்டிலில் பிள்ளைகள் ஏறி நின்று துள்ளுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். 10 அடிக்கு 10 அடி அறைக்கு 48 அங்குல மின்விசிறி தாராளம்.

தகரக்கூரை வீடுகளில் இன்னொரு சிக்கல். மின்விசிறி காற்றைக் குளிராக்குவதில்லை, வியர்வையை உலர்த்தித்தான் உடம்பைக் குளிரச் செய்கிறது. தட்டு அடிக்காத தகரத்தின் கீழ் சித்திரை வெயிலில் தேங்கும் சூட்டை அது அப்படியே உங்கள் மேல் இறக்கும். காற்றின் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டினால் மின்விசிறி உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த நேரத்தில் கைக்குழந்தையையும் வயதானவரையும் மின்விசிறியின் கீழ் விடாமல் வேம்பின் நிழலுக்கோ விறாந்தைக்கோ கொண்டுபோங்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுங்கள். கூரையின் வெளிப்புறத்துக்கு வெள்ளை பூசினாலும், சுவரின் மேல்விளிம்புக்கும் கூரைக்கும் இடையில் சூடு வெளியேற வலையடித்த இடைவெளி விட்டாலும் வித்தியாசம் தெரியும். தகரத்தின் கீழ் கிடுகு கட்டுபவர்கள் வயருக்கும் மின்விசிறிக்கும் கிட்ட அது வராமல் பாருங்கள்.

நுளம்பு வலையும் காற்றைத் தடுக்கும். அதற்காக வலையைக் கழற்ற வேண்டாம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், குழந்தை பகலிலும் தூங்குகிறது. வலையைத் தோய்த்துப் போடுங்கள், தூசி அடைத்த கண்கள் திறந்தாலே காற்று கூடும். வலையின் கயிற்றை மின்விசிறியின் கம்பியில் கட்டாதீர்கள்.

திருத்த ஆள் பிடிக்கும்போது என்.வி.கியூ சான்றிதழ் உள்ளவரா என்று கேளுங்கள். நீங்கள் கண்டதை அவரிடம் சொல்லுங்கள்: எந்த நேரத்தில் மெதுவாகிறது, தள்ளினால்தான் சுற்றுகிறதா, என்ன சத்தம் வருகிறது என்று. அரைநாள் கூலி அதில் மிச்சமாகலாம். கழற்றிய பழைய கப்பாசிற்றரைக் கேட்டு வாங்கி, புதியதிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.