மரத்தையே ஏமாற்றும் பாஷாணம்

'பாஷாணம்' என்றதும் உங்களுக்குப் பழைய சினிமாவில் வில்லன் பாலில் கலக்கும் பொடிதான் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கோ அது பாடம். வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை மூன்றிலும் இருப்பது ஆர்சனிக்தான். முறைப்படி சுத்தி செய்யாமல் தொடாதே என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். சரி, மனுஷனுக்கு விஷம். மரத்துக்கு?

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் ஆப்பிளுக்குப் பேர் போனது. காயைக் குடையும் புழுவைக் கொல்ல, அங்கே 1940-களின் இறுதி வரை 'லெட் ஆர்சனேட்' தெளித்தார்கள். ஒரே பருவத்தில் பல தடவை! அப்புறம் டி.டி.டி. வந்தது, இதை விட்டுவிட்டார்கள். ஆனால் மண்ணில் விழுந்த ஆர்சனிக் எங்கே போகும்? மக்கி அழிய அது இலைதழை இல்லையே. பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிட்டது. ஆழமாக வேர்விட்ட பழைய மரங்கள் சமாளித்துக்கொண்டன. அவற்றை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைத்தபோதுதான் வினை. பல தோட்டங்களில் கன்றுகள் குட்டையாகவே நின்றுவிட்டன. (மண்ணில் இருக்கும் பூஞ்சைகளும் இதற்கு ஒரு காரணம், எல்லாப் பழியையும் ஆர்சனிக் மேல் போடக்கூடாது.) பீச், ஆப்ரிகாட் மரங்கள் இன்னும் பூஞ்சையானவை. இலை ஓரம் கருகி, ஓட்டை விழுந்து, உதிர்ந்துவிடும்.

ஏன் இப்படி? ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் ரசாயனத்தில் ஒரே குடும்பம், பங்காளிகள் மாதிரி. மரத்துக்குப் பாஸ்பரஸ் உயிர்ச்சத்து. அதற்காக வேர் திறந்து வைத்திருக்கும் வாசலில், அதே ஜாடையில் ஆர்சனேட் உள்ளே நுழைகிறது. செல்லுக்குள் 'ஏ.டி.பி.' என்ற சக்திப் பொருள் தயாராகும்போது பாஸ்பரஸ் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பிணைப்பு உடனே உடைந்துவிடும். கள்ள நோட்டு மாதிரிதான். கையில் இருக்கும், கடையில் செல்லாது.

முதல் அடி வேர் நுனிக்கு. வேர் ஓடாவிட்டால் தண்ணீரும் ஏறாது, சத்தும் ஏறாது. பாத்தியில் ஈரம் இருந்தும் இலை வாடும். 'சத்து போதலை' என்று பாஸ்பேட் உரத்தை அள்ளிப் போட்டால்? இங்கேதான் வேடிக்கை. தண்ணீரில் வளர்க்கும் செடியில் பாஸ்பேட் போட்டிக்கு நின்று ஆர்சனிக்கைத் தடுக்கிறது. தோட்டத்து மண்ணிலோ, மண் துகளில் ஒட்டிக் கிடக்கும் ஆர்சனிக்கையே பெயர்த்து வேர்ப் பக்கம் தள்ளிவிடலாம். மண்ணைப் பரிசோதிக்காமல் உரம் போடுவது நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கிற கதைதான்.

மரமும் சும்மா இருப்பதில்லை. கந்தகச் சத்துள்ள பொருள்களைச் சுரந்து ஆர்சனிக்கைக் கட்டி, பெரும்பகுதியை வேரிலேயே பூட்டி வைக்கிறது. அதனால் பொதுவாக வேரில் அதிகம், இலையில் குறைவு, பழத்தில் ரொம்பக் குறைவு. அந்தத் தோட்டங்களில் பழத்தைவிட மண்தான் கவலை. மண்ணில் விளையாடிவிட்டு விரலைச் சூப்பும் குழந்தைக்கும், கழுவாத கிழங்குக்கும்தான் பயப்பட வேண்டும்.

நெல் கதை வேறே. தண்ணீர் கட்டிய வயலில் ஆர்சனிக் உருமாறி, சிலிக்கா போகும் வழியாகப் பயிருக்குள் ஏறுகிறது. மேற்கு வங்காளத்தில் குழாய்க்கிணற்று நீரால் வந்த தோல் நோயை 1983-ல் கண்டுபிடித்தார்கள். அங்கே அதே நீர்தான் பல வயல்களுக்கும் பாய்கிறது. நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சி வடித்தால் அரிசியில் உள்ளதில் ஒரு பகுதி போய்விடும். உலை நீர் சுத்தமாக இருந்தால்தான் இது பலிக்கும். குக்கர் சாதத்தில் அந்த வசதி கிடையாது.

எங்கள் மருந்துகளில் பாதி வேர்தானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. மூலிகை மருந்தில் ஆர்சனிக் பத்து லட்சத்தில் 3 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு வரையறை. வேர்ச் சூரணம் வாங்கும்போது உலோகப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டில் இடிப்பதானால், மண் போக நாலு தண்ணீர் அலசி, மேல்தோலைச் சீவிக் காய வையுங்கள். தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்கால் ஓரத்திலோ, பூச்சிமருந்துக் கிடங்கு இருந்த மனையிலோ பிடுங்கிய வேர் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் வேண்டாம்.