காலை உணவும் புரதச்சத்தும் – ஓர் ஒப்பீடு

உடம்பை இகழாது பேண வேண்டும் என்பது சைவநெறி எமக்குக் காட்டிய வழியாகும். இறைவன் உறையும் கோயிலாகவே இவ்வுடம்பைக் கண்டவர் திருமூல நாயனார். கற்கோயிலின் திருப்பணிக்கு ஊர் கூடி நிதி சேர்க்கும் நாம், இந்த உடற்கோயிலுக்கு வேண்டிய திருப்பணியை நாள்தோறும் ஒழுங்காகச் செய்கின்றோமா என்பது சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

கடந்த மகோற்சவத்தின் தேர்த்திருவிழாவன்று, வடம் பிடிக்க வந்த பாடசாலைச் சிறுமி ஒருத்தி வடக்கு வீதியில் மயங்கி விழுந்தாள். மடத்தில் இருத்தித் தண்ணீர் கொடுத்து விசாரித்தபோது, அன்று காலை அவள் உட்கொண்டது ஒரு பிளேன்ரீயும் நான்கு பிஸ்கட்டுக்களும் மாத்திரமே எனத் தெரியவந்தது. பாடசாலை நாட்களிலும் அதுவே அவளது காலை உணவாம். அவள் விரதம் இருக்கவில்லை. வீட்டில் பஞ்சமும் இல்லை. "கடலை, பயறு எல்லாம் வீட்டிலே கிடக்குது ஐயா, பின்னேரத்திலேதான் அவிப்பம்" என்று தாயார் கூறினார். அந்த மயக்கத்திற்கு வெயிலும் ஒரு காரணமே. ஆயினும் அந்தத் தாயாரின் சொல் என் மனதை விட்டு அகலவில்லை. இக்கட்டுரை எழுந்ததற்கு அதுவே காரணமாகும்.

எமது உடலின் தசை, தோல், குருதி, முடி ஆகிய யாவும் உருவாவதற்கும், தேய்ந்த பாகங்கள் மீளப் புதுப்பிக்கப்படுவதற்கும் வேண்டியது புரதச்சத்து. மாச்சத்து விறகு போன்றது. எரிந்து சக்தி தரும். புரதமோ கட்டடத்திற்குக் கல் போன்றது. ஆரோக்கியமான வளர்ந்த ஒருவருக்கு, அவரது நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் வேண்டும். அதாவது 50 கிலோ நிறையுள்ளவருக்கு 40 கிராம். வளரும் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் அவர்களது நிறைக்கு ஏற்ப இதனிலும் கூடுதலாகத் தேவைப்படும். என்னைப் போன்று அறுபதைக் கடந்தவர்களுக்குத் தசை மெலிந்து போவதால், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது என்பது நிபுணர்களின் கருத்து. இத்தேவையில் நான்கில் ஒரு பங்கையாவது, அதாவது 10 முதல் 15 கிராமையாவது, காலையிலேயே பெற்றுக்கொள்வது நன்று.

இனி எமது வீடுகளில் வழக்கமாக உள்ள காலை உணவுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். கீழே தரப்படுபவை அண்ணளவான கணக்குகள்.

மாரி பிஸ்கட் 4 – 2 கிராமுக்கு உட்பட்டது
பாண் 2 துண்டு – 5 கிராம்
அரிசிமா 100 கிராமில் செய்த பிட்டு அல்லது இடியப்பம் – 6 முதல் 7 கிராம்
பசும்பால் 200 மில்லிலீற்றர் – 6 முதல் 7 கிராம்
தயிர் 100 கிராம் – 3 முதல் 4 கிராம்
கோழிமுட்டை 1 – 6 கிராம்
கச்சான் 30 கிராம் (ஒரு கைப்பிடி) – 7 முதல் 8 கிராம்
கடலை 50 கிராம் (அவிக்கும் முன்) – 10 கிராம்
பயறு, கௌபி, உழுந்து, மைசூர்ப்பருப்பு ஆகியவற்றில் ஏதாவதொன்று 50 கிராம் (அவிக்கும் முன்) – 12 கிராம்
சோயா அவரை 50 கிராம் (அவிக்கும் முன்) – 18 கிராம்

சைவ உணவு உண்போருக்கு முட்டை விலக்கு என்பதை நாம் அறிவோம். ஒப்பீட்டிற்காகவே அதனையும் இங்கு சேர்த்துள்ளேன். 50 கிராம் பயறு தரும் புரதம் இரண்டு முட்டைகள் தரும் புரதத்திற்குச் சமன் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. அத்துடன் முட்டையில் இல்லாத நார்ச்சத்தும் பயறில் உண்டு. நார்ச்சத்து உணவு சமிக்கும் வேகத்தைக் குறைத்து, குருதியில் சீனி திடீரென ஏறாமல் தடுக்கின்றது. ஆதலால் நீரிழிவு உள்ளவர்களுக்குச் சம்பலுடன் உண்ணும் பாணை விட, அவித்த கடலையோ கௌபியோ ஏற்றது. அதற்குச் சீனி சேர்க்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் புரதத்தின் அளவை மட்டும் பார்ப்பது போதாது. அதன் தரத்தையும் நோக்க வேண்டும். புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆனது. பாலிலும் முட்டையிலும் உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் யாவும் வேண்டிய விகிதத்தில் உள்ளன. சோயாவும் அவற்றுக்கு அண்மித்தது. அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்பது குறைவு. பயறு, கடலை முதலியவற்றில் லைசின் நிறைய உண்டு. ஆனால் மெதியோனின் என்பது குறைவு. அதுவோ தானியங்களில் போதியளவு உண்டு. எனவே தானியமும் பருப்பு வகையும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது.

இவ்விஞ்ஞானம் தெரியாமலேயே எமது முன்னோர் இதனைக் கைக்கொண்டனர். தோசையில் அரிசியும் உழுந்தும் சேர்கின்றன. பொங்கலில் பச்சையரிசியுடன் வறுத்த பயறு சேர்கின்றது. பிள்ளையாருக்குப் படைக்கும் மோதகத்தில் வெளியே அரிசிமா, உள்ளே பயறு. பூப்படைந்த பெண்பிள்ளைகளுக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்த பாட்டிமாரின் அறிவும் இத்தகையதே. 1990களில் பொருளாதாரத் தடையினால் கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு நிலவிய வேளையிலும், 2022இல் பொருளாதார நெருக்கடியினால் பால்மாவுக்கு வரிசையில் நின்ற வேளையிலும் எமக்குக் கைகொடுத்தவை எமது தோட்டத்துப் பயறும், எள்ளும், குரக்கனும், கச்சானும் அல்லவா? நிலைமை சீரானதும் அவற்றை மறந்து மீண்டும் பாணிடமும் பிஸ்கட்டிடமும் சென்றுவிட்டோம்.

இவற்றை உண்ணும் முறையிலும் சில கவனிக்கத்தக்க விடயங்கள் உண்டு.

முதலாவது, கடலையையும் கௌபியையும் முதல்நாள் இரவே ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டுப் புது நீரில் அவிக்க வேண்டும். வாய்வுத் தொல்லை குறையும், விறகும் மிச்சம். முளைகட்டிய பயறில் விற்றமின் சி கூடுகின்றது. ஆயினும் சிறுவர்க்கும் முதியோர்க்கும் அதனை அவித்தே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, உணவுடன் தேநீர் அருந்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பயறிலும் கடலையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேயிலை தடுக்கின்றது. ஒரு மணித்தியாலம் கழித்து அருந்தலாம். மாறாக, அவித்த கடலையில் சிறிது தேசிக்காய்ப் புளி சேர்த்தாலோ, நெல்லிக்காய் ஒன்று உண்டாலோ இரும்புச்சத்து நன்கு சேரும். குருதிச்சோகை உள்ள பெண்கள் இதனை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, விற்றமின் பி12 பயறு வகைகளில் இல்லை. முழுச் சைவராக இருப்போர் பாலையோ தயிரையோ நாளாந்தம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, கச்சானில் ஏறக்குறைய பாதி கொழுப்பாகும். ஒரு கைப்பிடி போதும். பூஞ்சணம் பிடித்த, கறுத்த, கசக்கும் கச்சானை உண்ணவே கூடாது. அதிலுள்ள நஞ்சு ஈரலைப் பாதிக்கும். வடையிலும் உழுந்து உண்டெனினும் அது எண்ணெயில் பொரித்தது என்பதை மறக்கலாகாது.

ஐந்தாவது, சிறுநீரக நோய் உள்ளவர்கள் தாமாகப் புரதத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வைத்தியரின் ஆலோசனையே அவர்களுக்கு அளவுகோல்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எமது ஆலய அறநெறிப் பாடசாலைக்கு ஞாயிறு காலையில் வரும் பிள்ளைகளுக்கு இப்போது பிஸ்கட்டே வழங்கப்படுகின்றது. பெட்டியை உடைத்துக் கொடுப்பது இலகு என்பதே அதற்குரிய நியாயம். ஒருவருக்கு 50 கிராம் வீதம் 40 பிள்ளைகளுக்கு 2 கிலோ கடலை போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் 10 கிராம் புரதம் கிடைக்கும். சனி மாலை ஊறவைத்து, ஞாயிறு விடிய அவித்து, தேங்காய்ச்சொட்டு சேர்த்துப் பெருமானுக்கு நிவேதித்து வழங்கினால் அதுவே பிரசாதமாகவும் அமையும். வாரத்திற்கு ஓர் உபயகாரர் வீதம் முன்வந்தால் ஆண்டு முழுவதும் நடத்தலாம். இதனைப் பரிபாலன சபையின் அடுத்த கூட்டத்தில் முன்வைக்கவுள்ளேன். அடியார்கள் ஆதரவு தர வேண்டும். கடலை அவிக்கும் வேலைக்கு முதல் ஆளாக அடியேன் வருவேன்.

அடுத்த ஆண்டுத் தேரில் எந்தப் பிள்ளையும் வெறுவயிற்றுடன் வடம் பிடிக்க வரக்கூடாது. அதற்கு எம்பெருமான் திருவருள் கூட்டுவதாக. அதேவேளை, இன்று இரவு ஒரு பிடி கடலையை ஊறவைப்பது எமது கையிலேயே உள்ளது.

சுபம்.