சொற்களவு

பிறர் பொருளைக் கவர்தல் களவு என்பதை அனைவரும் அறிவர். பிறர் எழுத்தைத் தம் எழுத்தெனக் காட்டுதலும் களவேயாம். அதனைக் கண்டறியக் கல்விக்கூடங்களில் கணினி மென்பொருள்கள் பயன்படுகின்றன.

மாணவர் அளிக்கும் கட்டுரையை மென்பொருள் சிறு சிறு சொற்றொடர்களாகப் பகுக்கும். நூல்கள், ஆய்வேடுகள், இணையப் பக்கங்கள் ஆகியவற்றோடு ஒப்பிடும். ஒத்த பகுதிகளை நிறமிட்டுக் காட்டி, அவற்றின் அளவை விழுக்காட்டில் உரைக்கும்.

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் இதற்கென விதிகள் வகுத்தது. அவற்றின்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் தண்டனை இல்லை. 40 வரையாயின், ஆய்வேட்டை 6 திங்களுக்குள் திருத்தி அளித்தல் வேண்டும். 60 வரையாயின், ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டை அளித்தல் இயலாது. அதற்கு மேற்படின், ஆய்வுப் பதிவே நீக்கப்படும்.

ஆயினும், மென்பொருள் காண்பது ஒப்புமையையே, களவையன்று. மூலத்தைச் சுட்டி முறையாக எடுத்தாண்ட மேற்கோளையும் அது குறித்துக் காட்டக்கூடும். விதிகளோ அத்தகைய மேற்கோளைக் கணக்கினின்று விலக்குகின்றன. பிறர் கருத்தை வேறு சொற்களில் மறைத்தெழுதினால், அக்களவு மென்பொருளின் கண்ணுக்குத் தப்புதலும் உண்டு. ஆதலின், எண்ணை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றவாளியாக்குதல் அறமன்று. ஆசிரியர் படித்து ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், தாம் துணைக்கொண்ட நூல்களின் பெயர்களைக் கூறிச் சென்றார். அவற்றுள் ஒன்றான மதிவாணனாரின் நாடகத்தமிழ் நூல் மறைந்துவிட்டது. எனினும், அந்நூலும் ஆசிரியரும் இருந்தமையை அவர் குறிப்பால் அறிகின்றோம். பெற்றதைப் பெற்றதெனச் சொல்லுதலே கற்றவர்க்கு அழகாகும்.